பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதுவோர்: எஸ்.எஸ்.எல்.சி.யா, திறந்தநிலைப் பள்ளியா?

மதுரை விளக்குத்தூண் பகுதி ஜவுளிக் கடைகளில், ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கங்களிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். கோ.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) விரும்பிய பிரிவில் சேர முயலும்போதோ, அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு அறிவிப்பைப் பார்க்கும்போதோதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் தேவை அவர்களுக்குப் புலப்படுகிறது. அவர்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எஸ்.எஸ்.எல்.சி. எனப்படும் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல், எழுதுவது, மற்றொன்று, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் சேர்ந்து எழுதுவது. மத்திய வாரியமான சி.பி.எஸ்.இ. இவர்களுக்குப் பயன்படாது, அங்கே ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியின் வழியாகப் பதிவு நடந்திருக்க வேண்டும்.

“எது சுலபம்?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எந்த வழியில் எந்த மாதத்தில் பதிய வேண்டும், மதிப்பெண் எப்படிச் சேர்கிறது என்ற இரண்டையும் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது என்பது, சில ஆண்டுகளாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துவரும் என் அனுபவம்.

பள்ளி மாணவர் பதிவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. தலைமையாசிரியர் பெயர்ப்பட்டியலை இணையத்தில் ஏற்றுகிறார். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதுதான் பெற்றோரின் வேலை. தனித்தேர்வரோ எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்து, பதினான்கரை வயது நிறைந்தவர் நேரடித் தனித்தேர்வராகலாம். ஆனால் தேர்வு விண்ணப்பம் அவருக்கு இரண்டாவது வேலை. அதற்குப் பல மாதங்கள் முன்பே, அறிவியல் செய்முறைப் பயிற்சிக்காக மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பெயர் பதிந்து, ஒதுக்கப்படும் பள்ளியில் 80 சதவீத வருகை காட்டியிருக்க வேண்டும். தேர்வு விண்ணப்பத்துக்குத் தேதி தவறினால் கூடுதல் கட்டணம் செலுத்தி ‘தக்கல்’ முறையில் பதியலாம். செய்முறைப் பயிற்சிக்குப் பதியாமல் விட்டவருக்கு அந்தத் தக்கலாலும் பயனில்லை. அவருக்கு அந்த ஆண்டு போனதுதான். இந்தப் பதிவு பெரும்பாலும் கோடையை ஒட்டி நடப்பதாலும், கடைப் பிள்ளைகளுக்குப் படிப்பு நினைவு தீபாவளி வியாபாரம் ஓய்ந்த பிறகே வருவதாலும், என்னிடம் வருவோரில் பெரும்பாலோர் இங்கேயே தவறிவிடுகிறார்கள்.

என்.ஐ.ஓ.எஸ். இந்த இடத்தில் இளகிக் கொடுக்கிறது. குறைந்த வயது 14. மேல் வரம்பு கிடையாது. ஆண்டுக்கு இரு பருவங்களில் சேர்க்கை உண்டு. தேர்வும் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என இருமுறை. சேர்ந்தவருக்கு 5 ஆண்டுகளில் 9 வாய்ப்புகள் கிடைக்கும். ஒரு தடவை ஒரே பாடத்தை மட்டும்கூட எழுதலாம். தேர்ச்சி பெற்ற பாடம் கணக்கில் சேர்ந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் தடவை ஐந்து பாடங்களையும் சேர்த்தே எழுத வேண்டும். தவறியவற்றை மட்டும் துணைத்தேர்விலோ அடுத்த தேர்விலோ எழுதலாம். செலவைப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: எஸ்.எஸ்.எல்.சி. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும், என்.ஐ.ஓ.எஸ். சேர்க்கைக் கட்டணமே ஆயிரத்தைத் தாண்டும், ஒவ்வொரு தேர்வுக்கும் பாடவாரியாகத் தனியே கட்ட வேண்டும்.

மதிப்பெண்ணில், தேர்ச்சிக்கு எஸ்.எஸ்.எல்.சி.யில் 35 என்பதற்கும் என்.ஐ.ஓ.எஸ்.ஸில் 33 சதவீதம் என்பதற்கும் உள்ள இடைவெளியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு. எஸ்.எஸ்.எல்.சி.யில் ஐந்து பாடங்களுக்கு 500 மதிப்பெண். அறிவியலில் மட்டும் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 என்று தனித்தனியே எட்டினால்தான் தேர்ச்சி. செய்முறையில் முழுதாக 25 வாங்கி, எழுத்தில் 19 வாங்கியவர், கூட்டினால் 44 வந்தும் தவறியவரே. 20-உம் 15-உம் வாங்கியவர் 35-இல் தேர்ச்சி பெற்றுவிடுவார். அறிவியல் தவிர்த்த பாடங்களில் அகமதிப்பீடு என்று எதுவும் இல்லை. மூன்று மணி நேரத்தில் எழுதியதே மதிப்பெண். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவரை இந்த ஒற்றை நாள் முறை கடுமையாகச் சோதிக்கிறது.

என்.ஐ.ஓ.எஸ்.ஸில் வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புக்கு 20 சதவீத எடை உண்டு. ஒழுங்காக எழுதி அனுப்புபவருக்கு அது நல்ல தாங்கல். அதைவிடப் பெரிய கவர்ச்சி, கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிட்டு மனையியல், வணிகவியல் போன்ற பாடங்களோடு ஐந்தை நிறைவு செய்துவிடலாம் என்பது. பயிற்சி நிலையங்கள் இதைச் சொல்லித்தான் ஆள் சேர்க்கின்றன. நான் இதைச் சலுகையாகக் கருதவில்லை. கணிதமும் அறிவியலும் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் பாலிடெக்னிக், மேல்நிலைப் பிரிவுகளை இன்று பதினாறு வயதில் வேண்டாம் என்று தள்ளுபவர், இருபது வயதில் திரும்பக் கேட்கும்போது தனியாக அந்தப் பாடங்களுக்கு மீண்டும் பணம் கட்டி எழுத வேண்டியிருக்கும்.

தரநிலை எழுத்துகளில் மயங்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: சி.பி.எஸ்.இ.யில் ஏ1 என்பது நிலையான மதிப்பெண் எல்லை அல்ல. அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்றோரில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கே அது தரப்படுகிறது. எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் அத்தகைய எழுத்துகள் இல்லை. மதிப்பெண் மட்டுமே இருக்கும். 2021-இல் கொரோனாவால் தேர்வு நடக்காதபோது மட்டும் மதிப்பெண்ணே இல்லாமல் ‘தேர்ச்சி’ என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

இரு வழியிலும் நிதானம் தேவைப்படும் இடம் பெயர்தான். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்து, ஆதாரில் இன்னொன்று. அவன் படித்த பள்ளியில் எழுதும்போது நேர்ந்த பிழை. பிறந்த தேதிக்கும் பெயருக்கும் பின்னாளில் இந்தச் சான்றிதழையே ஆதாரமாகக் கேட்பார்கள் என்பதால், விண்ணப்பத்துக்கு முன்பே திருத்திவிடச் சொன்னேன். அதற்கே ஒன்றரை மாதம் ஆனது.

என்னிடம் கேட்டால், வாரத்தில் ஒரு நாளாவது விடுப்புக் கிடைக்கிற, ஐ.டி.ஐ. அல்லது பதினொன்றாம் வகுப்பை நோக்கமாகக் கொண்ட பிள்ளைக்கு எஸ்.எஸ்.எல்.சி.யையே சொல்வேன். குழந்தையோடு இருக்கும் இளம் தாய்க்கும், ஒரே மூச்சில் ஐந்து பாடங்களைத் தாங்க முடியாதவருக்கும் என்.ஐ.ஓ.எஸ். பொருந்தும், கணிதத்தைக் கைவிடாமல் எடுத்துக்கொண்டால். அந்தத் தலைப்பெழுத்துப் பையன் எஸ்.எஸ்.எல்.சி.யைத் தேர்ந்தெடுத்தான், செய்முறை வகுப்பு நாள்களில் விடுப்புத் தருவதாக முதலாளி ஒத்துக்கொண்ட பிறகுதான் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டான்.