பல வருஷம் ஓட வேண்டிய கேமிங் பிசிக்கு எம்.எஸ்.ஐ. பி650 டோமஹாக் சரிப்படுமா?

மதர்போர்டு பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பதில் பாதிக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமே இல்லை. ஆர்ஜிபி விளக்கோ ‘கேமிங்’ என்ற முத்திரையோ போர்டை ஒரு நாள்கூட கூடுதலாக உழைக்க வைக்காது. பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். பிராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதி எவ்வளவு சூடாகிறது? அந்த சாக்கெட்டுக்குப் புது பிராசஸர் இன்னும் எத்தனை வருஷம் வரும்? ஏஎம்டி பிராசஸர்களுக்கான ஏஎம்5 சாக்கெட் கொண்ட எம்.எஸ்.ஐ.யின் மேக் பி650 டோமஹாக் வைஃபை இரண்டிலும் தேறுகிறது. குறைகளும் உண்டு, அவை வேறு இடத்தில்.

முதலில் சூடு. எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை) தரும் 12 வோல்ட்டை ஏறக்குறைய 1.1 வோல்ட்டுக்கு இறக்குவதுதான் விஆர்எம்மின் வேலை. இந்த போர்டில் பிராசஸர் கோர்களுக்கு மட்டும் 14 பவர் ஸ்டேஜ்கள் (சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிறு சிப்கள்), ஒவ்வொன்றும் 80 ஆம்பியர் வகை. 230 வாட் வரை இழுக்கும் ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸரை மாட்டினால் சுமார் 200 ஆம்பியர் ஓடும். பங்கு போட்டால் ஒன்றுக்கு 14 ஆம்பியர்தான். அதே சுமையை 6 ஸ்டேஜ் உள்ள மலிவு போர்டில் போட்டால் ஒன்றுக்கு 33. மின்தடையால் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், அங்கே ஒவ்வொரு ஸ்டேஜும் ஐந்து மடங்குக்கு மேல் கொதிக்கும். கேமிங்குக்குப் பேர்போன 7800எக்ஸ்3டி பிராசஸர் இதில் பாதிகூட கேட்காது. அப்போது விஆர்எம் மேல் சூட்டை உறிஞ்சும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க்கைத் தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவே.

இந்தச் சூடு முதலில் தின்பது பக்கத்தில் நிற்கும், மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர்களை. திரவம் உள்ள பழைய வகையில் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது மின்னணுக்காரர்களின் கைக்கணக்கு. இப்போதைய பாலிமர் வகையில் 20 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய பத்து மடங்கு. ஆகவே ஸ்டேஜ் எண்ணிக்கையும் கனமான ஹீட்சிங்க்கும் ஓவர்கிளாக் (பிராசஸரை வரம்புக்கு மேல் ஓட்டுவது) செய்பவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வாட்டர் கூலர் போடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: டவர் கூலரின் ஃபேன் விஆர்எம் மேலும் காற்று வீசும், வாட்டர் பிளாக் வீசாது. கேபினட்டின் பின்பக்க ஃபேனைக் கழற்றிவிடாதீர்கள்.

அடுத்து சாக்கெட். ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4 போர்டு 2017இல் வாங்கியவர்கள் பலர், பயாஸை (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுப்பித்து 2022இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசஸரை அதிலேயே மாட்டினார்கள். 2022இல் தொடங்கிய ஏஎம்5க்கும் 2027ஐத் தாண்டி ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட், 2024 இறுதியில் எல்ஜிஏ1851 வந்ததோடு முன்வழி அடைபட்டது. நீண்ட ஆயுள்தான் நோக்கம் என்றால் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

பயாஸ் புதுப்பிப்பு புது பிராசஸருக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். 2023இல் சில எக்ஸ்3டி பிராசஸர்கள் சாக்கெட்டோடு கருகியபோது, பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போட்டது புது பயாஸ்தான். கடையில் கிடந்த பழைய இருப்பு கைக்கு வந்தால் முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பதே. ரைசன் 9000 மாட்டுவதாக இருந்தால் பழைய பயாஸில் திரையே வராமல் போகலாம். பிராசஸரும் ராமும் இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்கலாம்: பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, பயாஸ் கோப்புக்கு MSI.ROM என்று பெயர் மாற்றி, பின்புறம் ‘ஃபிளாஷ் பயாஸ்’ என்று குறித்த யுஎஸ்பி துளையில் செருகுங்கள். 24 பின், 8 பின் மின்கேபிள்களை இணைத்து பின்புறமுள்ள ஃபிளாஷ் பயாஸ் பட்டனை அழுத்துங்கள். விளக்கு மினுங்கும், அது அடங்கும் வரை, சில நிமிடம், மின்சாரத்தை நிறுத்தக்கூடாது.

குறைகளுக்கு வருவோம். கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் பிசிஐஇ (கார்டும் எஸ்எஸ்டியும் தரவு அனுப்பும் இணைப்பு) 4.0தான், இன்றைய கார்டுகளில் 5.0க்கும் இதற்கும் விளையாட்டில் தெரியும் வேறுபாடு சொற்பம். எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டுகளில் மூன்றாவதற்கு நான்குக்குப் பதில் இரண்டே லேன் (தரவுப் பாதை), அதாவது பாதி வேகம். கேம் கிடங்காக வைத்துக்கொள்ளலாம். கோளாறை எண்ணில் காட்டும் சின்னத் திரையும் இல்லை, நான்கு எல்இடிகளை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

முதல்முறை ஆன் செய்ததும் திரை சில நிமிடம் கறுப்பாகவே நிற்கும். டிடிஆர்5 ராம் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. போர்டு செத்துவிட்டது என்று பவரை வெட்டுபவர்கள்தான் அதிகம். ராமை இரண்டு குச்சியாகவே வாங்கி, பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு குச்சி போட்டால் ரைசன் 7000க்கு ஏஎம்டி உறுதி தருவது 3600 எம்டி/எஸ் ராம் வேகம் மட்டுமே.

கோர்க்கும்போது ஏற்படும் சேதம், பல வருஷ உழைப்பால் வரும் தேய்மானத்தைவிட மோசமானது. ஏஎம்5இல் 1718 பின்களும் போர்டின் பக்கம் இருக்கின்றன; பிராசஸரைச் சற்றே சாய்த்து விட்டாலும் ஒரு பின் வளைந்துவிடும், வாரண்டி அதற்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. சாக்கெட்டை மூடிவரும் பிளாஸ்டிக் மூடியை எறியாதீர்கள், போர்டைத் திருப்பி அனுப்பும் நாளில் கேட்பார்கள். கேபினட்டில் போர்டின் துளைக்கு நேரில்லாத ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் சின்ன உலோகக் கால்) ஒன்று மிஞ்சியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுத்தான் போர்டை வையுங்கள். பின்பக்க சால்டரில் அது முட்டினால் ஷார்ட்தான். எம்.2 ஹீட்சிங்க்கின் அடியில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் மேல் மெல்லிய ஃபிலிம் ஒட்டியிருக்கும். உரிக்காமல் மூடினால் எஸ்எஸ்டி சூட்டில் வேகம் குறைந்து தவிக்கும். கனமான கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒரு முட்டு கொடுங்கள்; ஸ்லாட்டுக்கு இரும்பு உறை இருந்தாலும் வருஷக்கணக்கில் தொங்கும் எடையைச் சுமப்பது கடைசியில் போர்டுதான்.

பிசிஐஇ 5.0 கார்டு ஸ்லாட் வேண்டுமே வேண்டும் என்பவர்கள் பி850 டோமஹாக் மேக்ஸுக்குப் போகலாம். மற்றவர்கள் மிச்சப்படும் பணத்தை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள். கெட்ட எஸ்எம்பிஎஸ் எந்த போர்டையும் விட்டுவைக்காது.