மிதக்கிற பீரோ: 60 லிட்டர் நீல பேரல்

எங்கள் வீட்டில் லாக்கர் கிடையாது, பீரோதான். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் நாலு பறந்து, பீரோவுக்கு நேர் மேலே வானம் தெரிந்தது. பூட்டு பூட்டினபடியே இருந்தது, சாவியும் என் இடுப்பிலேயே இருந்தது. மூன்றாம் நாள் திறந்தால் பட்டாவும் பெரியவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, நனைந்த அப்பளம் மாதிரி கிடந்தன. டூப்ளிகேட் வாங்க எட்டு மாதம் நடந்தேன். தைக்கக் கொடுத்திருந்த அக்கம்பக்கத்துத் துணிகள் போனது தனிக் கதை.

அதற்கப்புறம் வாங்கியதுதான் பேரல். வாய் அகலமாக இருக்கும், மூடியைச் சுற்றி இரும்பு ரிங் போட்டு நெம்புகோல் மாதிரி ஒரு பிடியை மடக்கிப் பூட்டுகிற நீல நிறப் பிளாஸ்டிக் பேரல். இதுவரை இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று தண்டம், ஒன்று தங்கம்.

முதலாவது பழைய சாமான் கடையில் 350 ரூபாய்க்கு எடுத்தது. "நல்லா கழுவினதுதாம்மா, அரிசி கொட்டலாம்" என்று கடைக்காரர் சொன்னார். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் மூக்கில் குத்துகிற ஒரு நெடி. எந்த ஆலையில் எதை ஊற்றி வைத்திருந்தார்களோ! சீயக்காய், புளி, சோப்புத்தூள் எல்லாம் போட்டுத் தேய்த்து ஒரு வாரம் வெயிலில் கவிழ்த்து வைத்தேன். அப்படியும் அதில் வைத்த அரிசியைப் பொங்கினால் சோற்றில் அந்த நெடி வந்தது. முழு அரிசியையும் கொட்டினேன். பிளாஸ்டிக் உள்ளே இழுத்துக்கொண்டதைக் கழுவி எடுக்க முடியாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது அது கொல்லையில் துணி ஊறவைக்கிறது. அரிசிக்கும் குடிதண்ணீருக்கும் பழைய பேரல் வேண்டவே வேண்டாம், என்ன விலை குறைத்தாலும் சரி.

இரண்டாவது, 2021இல் பாண்டியில் புதிதாக வாங்கியது, 1,150 ரூபாய். காலி பேரல் மூன்று கிலோ சொச்சம் இருக்கும். வாங்கும்போது மூடியைத் திருப்பி உள் விளிம்பில் விரல் விட்டுப் பாருங்கள். அங்கே கறுப்பு ரப்பர் வளையம் சுற்று முழுக்க ஒரே சீராக ஓட வேண்டும். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்ததில் ஒரு இடத்தில் ரப்பர் நகக்கண் அளவு பிய்ந்திருந்தது. மாற்றச் சொன்னதற்கு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார். தண்ணீர் நுழைய நகக்கண் அளவு போதும். நின்று மாற்றி வாங்கினேன்.

வீட்டில் சோதனை செய்தோம். உள்ளே பழைய செய்தித்தாளைப் போட்டுப் பூட்டி, சிமென்ட் தொட்டியில் படுக்கப் போட்டோம். முங்க மறுத்தது. தம்பி மகன் மேலே ஏறி உட்கார்ந்தும் பாதிதான் முங்கியது. இரவெல்லாம் அப்படியே கிடந்தது, காலையில் செய்தித்தாள் மொறமொறவென்று வெளியே வந்தது.

உண்மையான பரீட்சை 2024இல்தான். ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. பாண்டியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சரி, புயல் போய்விட்டது என்று நாங்கள் பாயை உதறினோம். எங்கள் வீடு உப்பலவாடிப் பக்கம், தென்பெண்ணைக் கரையோரம். மேலே சாத்தனூர் அணையில் டிசம்பர் 2 விடியும் முன்பே வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். எங்களை நனைத்தது எங்கள் ஊர் மழை இல்லை, திருவண்ணாமலைப் பக்கத்துத் தண்ணீர். திண்ணையைத் தொட்டதும் பேரலை ஜன்னல் கம்பியில் நைலான் கயிற்றால் கட்டிவிட்டு மாடி வீட்டுக்காரர்களிடம் ஏறிக்கொண்டோம்.

இங்கேதான் ஒரு தப்பு செய்தேன். கயிற்றை முழ நீளத்துக்கு இறுக்கிக் கட்டியிருந்தேன். தண்ணீர் ஏற ஏற பேரல் மேலே எழும்பப் பார்க்கிறது, கயிறு கீழே இழுக்கிறது. ஆள் மட்டத்துக்கு ஏறியிருந்தால் முழுசாகத் தண்ணீருக்குள்ளேயே அழுந்திக் கிடந்திருக்கும். நல்ல வேளை, இடுப்பளவோடு நின்றது. பேரல் சாய்ந்து மிதந்தபடி சுவரை முட்டிக்கொண்டிருந்தது. கயிறு கூரை உயரத்துக்கு எட்டுகிற அளவு இருக்கட்டும், ஆனால் கட்டாமல் மட்டும் விடாதீர்கள். பின்கதவு வழியாகப் போய்விட்டால் அப்புறம் தாழங்குடா கடலில்தான் தேட வேண்டும்.

உள்ளே இருந்தவை: பத்திரம், ரேஷன் அட்டை, மார்க் ஷீட்டுகள், அவருடைய பத்து நாள் சுகர் மாத்திரை, அவல், பொட்டுக்கடலை, வெல்லம், தனியாகக் கழற்றி வைத்த செல்லோடு டார்ச், இரண்டு புடவை. ஒன்றும் நனையவில்லை. ஒரு குறை சொல்ல வேண்டும். காற்றுப் போகாததால் உள்ளே ஈரத்தோடு எதை வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும். முதல் வருடம் சரியாகக் காயாத புடவையை வைத்து, பத்திரத்தின் ஓரமே பச்சை பூத்துவிட்டது. இப்போது அடியில் ஒரு துணியில் அடுப்புக்கரி கட்டிப் போடுகிறேன், மாதம் ஒரு நாள் உச்சி வெயிலில் திறந்து வைக்கிறேன். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள் என்று காதில் விழுந்தாலே மாத்திரை தேதியைப் பார்த்துவிடுவேன்.

இன்னொரு தொல்லை அந்த இரும்பு ரிங். உப்புக்காற்றில் மூன்றே வருடத்தில் துரு ஏறி, பிடி மடங்க மாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், அதோடு எறும்பும் வந்தது. சைக்கிள் கடை கிரீஸ்தான் நிற்கிறது. ரிங் மட்டும் தனியாக வேண்டும் என்று போன மாதம் பாண்டிக்குப் போய்க் கேட்டேன். பேரலோடு சேர்த்துத்தான் தருவார்களாம். கடலூரில் யாரிடமாவது தனி ரிங் கிடைத்தால் சொல்லுங்கள், மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும்.