கால்நடை மருத்துவர் மனநலக் கவுன்சிலிங் போகலாமா? எட்டு தடவை போய் வந்த அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் 11 வருஷமாக கிளினிக் வைத்திருக்கிறேன். காலையிலும் சாயங்காலமும் நாய், பூனை, மற்ற நேரமெல்லாம் தோட்டந்தோட்டமாக மாடு. போன வருஷக் கடைசியில் போன் அடித்தாலே நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது, சோறு இறங்கவில்லை, குட்டிக்குத் தடுப்பூசி போட வந்த ஒரு பெரியவரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். கூடப் படித்த தோழிதான் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு உளவியல் ஆலோசகரைச் சொன்னாள். பெயரைப் போடவில்லை, அவர் விளம்பரம் விரும்பாதவர். வாரம் ஒரு தடவை, 50 நிமிஷம், 1,200 ரூபாய்.

முதல் நாள் எனக்கு ஏமாற்றம்தான். "பிராணிகளோடவே இருக்கிற வேலை, மனசுக்கு இதமா இருக்குமே மேடம்" என்றார். எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது. நல்ல வேளை, வரவில்லை.

இரண்டாவது தடவை, மோசமான ஒரு நாளை நிமிஷம் நிமிஷமாகச் சொல்லச் சொன்னார். 13 வயது லாப்ரடார், இரண்டு கிட்னியும் போய்விட்டது, கருணைக்கொலைதான் வழி என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்து அழைத்து வந்திருந்தார்கள். அந்த வீட்டுப் பையன் அதன் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டே நின்றான், நான் ஊசியைப் போட்டு, ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, தலையை மட்டும் அசைத்தேன். அடுத்த அறையில் 45 நாள் குட்டியோடு ஒரு புதுத் தம்பதி, போட்டோ எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். "ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருந்துச்சு?" என்று கேட்டார். கை கழுவுற நேரம் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது, அப்புறம் பேச முடியவில்லை.

அன்றைக்கே ஒரு ஏற்பாடு எழுதினோம். கருணைக்கொலை இனிமேல் சாயங்காலம் கடைசி வேலை, அவசரமாகச் செய்ய வேண்டி வந்தால் அதற்குப் பிறகு 15 நிமிஷம் யாரையும் உள்ளே விடக்கூடாது. ராத்திரி அழைப்புக்குத் தனி நம்பர், கிணத்துக்கடவில் இருக்கும் இன்னொரு டாக்டரும் நானும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இதைச் சொல்ல ஆலோசகர் எதற்கு என்று கேட்பீர்கள். 11 வருஷமாக எனக்குத் தோன்றவில்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "டாக்டரம்மா, கொஞ்சம் நேரமா வந்திருந்தீங்கன்னா கன்னு பொழச்சிருக்குமுங்க" என்று ஒருத்தர் சொன்னது மாசக்கணக்கில் உள்ளே குடைந்துகொண்டிருந்தது. உங்கள் தப்பில்லை என்று ஆலோசகர் ஆறுதல் சொல்லவில்லை. நேரத்தை மட்டும் தாளில் எழுதச் சொன்னார். பனிக்குடம் உடைந்தது 6 மணி, எனக்குப் போன் வந்தது 11.30, நான் போய்ச் சேர்ந்தது 12.10, கன்றின் தலை பின்னால் மடங்கிக் கிடந்தது. எழுதி முடித்து அந்தத் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறைகளும் உண்டு. காலை 10 முதல் மாலை 5 வரைதான் நேரம் தருவார், நம் தொழிலில் அது ஒத்து வராது. கோயம்புத்தூர் உக்கடம் வரை போய்த் திரும்பினால் அரை நாள் போய்விடும். அவர் கொடுத்த மூச்சுப் பயிற்சி எனக்குப் பலன் தரவில்லை. காப்பாற்றக்கூடிய நாயைப் பணமில்லாமல் திருப்பி அழைத்துப் போகிறார்களே, அதற்கு அவரிடமும் பதில் இல்லை.

அவ்வளவு செலவு முடியாது என்றால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். கோயம்புத்தூர் போவதற்கு முந்தின வாரம் நான் ஒரு ராத்திரி பேசினேன், எதிர்முனையில் இருந்த பெண் என்னை அவசரப்படுத்தாமல் கேட்டார்.

இதை நம் ஆட்களுக்காகத்தான் எழுதுகிறேன். அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையான இறப்புப் பதிவுகளை அலசிய ஆய்வு 2019ல் வந்தது. பெண் கால்நடை மருத்துவர்கள் தற்கொலையால் இறப்பது அங்கே பொதுமக்களைவிட 3.5 மடங்கு, ஆண்கள் 2.1 மடங்கு. நம்மில் யாராவது கொஞ்ச நாளாகப் போன் எடுக்காமல் இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

எனக்கு இப்போது மாசம் ஒரு தடவை போதும் என்று சொல்லியிருக்கிறார். அடுத்தது வியாழக்கிழமை, அன்றைக்குக் காலை கிளினிக் மூடியிருக்கும் என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டேன்.