சூட்டில் செல்ஃப் எடுக்காத வண்டி: 9 ஆண்டு அனுபவம்

1996இல் வெளிவந்த, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை 9 ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். வீடு குளச்சல் பக்கம். உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்னும் இடத்தில் இந்த வயதான வண்டி எதற்கு என்று மாமா அப்போதே கேட்டார். ஆரல்வாய்மொழி காற்றாலைகளுக்கு நடுவே கூரையைத் திறந்துவிட்டுப் போகும்போது அந்தக் கேள்வி நினைவுக்கு வராது. நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பும்போதுதான் வரும்.

காலையில் ஒரே திருப்பில் எடுத்துவிடும். நாகர்கோவில் வரை ஓடி, தேநீருக்குப் பத்து நிமிடம் நிறுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் எடுக்கும். பேட்டரி என்றார்கள், மாற்றினேன். செல்ஃப் மோட்டார் என்றார்கள். கார்பன் பிரஷ், புஷ், சோலினாய்டு எல்லாம் புதிதாகப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து மார்த்தாண்டம் சந்தை அருகே அதே 'டக்'. மீன் வாங்க வந்தவர்கள் நான்கு பேர் தள்ளிவிட்டார்கள்.

தக்கலையில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன்தான் கேட்டார்: "தம்பி, எர்த் வயரைப் பார்த்தாயா?" எஞ்சினிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்கு மின்சாரம் திரும்பும் வழி அது. பார்த்தேன், மீட்டரில் பூஜ்ஜியம் ஓம்தான் காட்டுகிறது என்றேன். சிரித்தார். சாதாரண மல்டிமீட்டர் 0.1 ஓமுக்குக் கீழே சரியாகக் காட்டாது. செல்ஃபுக்கு 100 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் 0.04 ஓம் இருந்தாலே 4 வோல்ட் வழியிலேயே போய்விடும். நூறு இழையில் நான்கு மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 'நல்ல வயர்' என்றுதான் சொல்லும்.

எஞ்சின் கொதிக்கும் சூட்டில் இருக்கும்போதே, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் பிடித்தார். சாவியைத் திருப்பினேன். 0.2க்குள் நிற்க வேண்டியது, 3.8 காட்டியது. பேட்டரியில் 11.4 இருந்தது, ஆக, பேட்டரி மீது எந்தக் குற்றமும் இல்லை. பிறகு ஜம்பர் கேபிளால் நெகட்டிவையும் பிளாக்கையும் நேராக இணைத்தார். ஒரே திருப்பில் எடுத்தது.

ரப்பர் மவுண்டின் மீது உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்கு, செம்பு இழைகளைப் பின்னிய ஒரு பட்டைதான் எர்த் வயர். உடல் ஃபைபர் கிளாஸ் என்பதால் மின்சாரத்துக்கு வேறு வழியும் இல்லை. பட்டையின் கறுப்பு உறையைப் பிளேடால் கீறியதும் பச்சைத்தூள் கொட்டியது. உள்ளே இருந்த செம்பு விரலால் தேய்த்தாலே உதிர்ந்தது. சூட்டில் மட்டும் ஏன்? செம்பு சூடேறினால் மின்தடை கூடும், புகைக்குழாய்க்கு அருகிலிருக்கும் மோட்டாரும் சேர்ந்து வேகும். ஆறிய நிலையில் தட்டுத்தடுமாறிச் சமாளித்தது, சூட்டில் கைவிட்டது.

புதிய பட்டைக்கு ஆன செலவு, பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மோட்டாருக்குக் கொட்டிய பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், ஆண்டுக்கு இருமுறை முனைகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து வாசலின் பூசுகிறேன். நான்கு ஆண்டுகளாக அந்த 'டக்' கேட்கவில்லை. அடைமழையில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் இறங்கும் தொல்லை மட்டும் தீரவில்லை. காய்ந்த துணியால் துடைத்தால் எடுத்துவிடும்.

மாமாவும் இப்போது உடன் வருகிறார். தேநீர்க் கடையில் இறங்கும்போது, "எஞ்சினை அணைக்காதே" என்று மட்டும் சொல்கிறார்.