ஃப்ளைட் சிமுலேட்டர் ஆட்டோபைலட்: இறங்கும்போது எது கைகொடுக்கிறது?

வீட்டு சிமுலேட்டரில் எந்த விமானத்தின் ஆட்டோபைலட் (விமானத்தைத் தானாக ஓட்டும் கருவி) நல்லது என்று கேட்டால், காக்பிட்டின் அழகைக் காட்டித்தான் பலரும் பதில் சொல்கிறார்கள். 35,000 அடியில் நேராகப் போகும்போது எல்லா ஆட்டோபைலட்டும் ஒன்றுதான். ஜெட் ஏறும்போதும் இன்ஜின் பலமாகத் தள்ளுவதால் பெரிய கணக்கு எதுவும் இல்லை. இறங்கத் தொடங்கியதும்தான் சாயம் வெளுக்கும். அதனால் இங்கே ஜெட்களை இறக்கத்தை வைத்தே பார்க்கிறேன்.

டெல்லியிலிருந்து சென்னைக்கு 35,000 அடியில் வருகிறோம் என்று வையுங்கள். சென்னை கடல்மட்டத்தை ஒட்டிய ஊர் என்பதால் கணக்கு சுலபம். 1,000 அடி இறங்க 3 கடல்மைல் வேண்டும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. அதன்படி 105 கடல்மைல், வேகத்தைக் குறைக்க இன்னொரு 10. ஆக 115 கடல்மைல் இருக்கும்போதே இறங்கத் தொடங்க வேண்டும். பின்காற்று அடித்தால் இன்னும் முன்னாடியே. 10,000 அடிக்குக் கீழே வேகம் 250 நாட் (மணிக்கு 250 கடல்மைல்) அளவைத் தாண்டக் கூடாது, வழியில் சில புள்ளிகளை இன்ன உயரத்தில்தான் கடக்க வேண்டும் என்று கட்டுப்பாடுகள் வேறு. இத்தனையையும் சேர்த்து ஒரு பாதை போட்டுக் கொடுப்பதுதான் விநேவ் (VNAV). ஒரு ஆட்-ஆன் (சிமுலேட்டரில் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் விமானம்) உழைத்துச் செய்யப்பட்டதா, ஒப்புக்குச் செய்யப்பட்டதா என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில் வந்தபோது, அதோடு கிடைத்த ஏர்பஸ் ஏ320நியோ இந்தப் பரீட்சையில் தேறவில்லை. அதை எடுத்துத் திருத்தத் தொடங்கியதுதான் ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ். திறந்த மூல மென்பொருள், முழுக்க இலவசம். ஆரம்பத்தில் அதிலும் ஒழுங்கான விநேவ் கிடையாது, பிறகுதான் சேர்ந்தது. இன்று அதில் இறங்குவது எப்படி என்று பாருங்கள். மேலே உள்ள பலகையில் உயரக் குமிழைத் திருகி 4,000 என்று வைக்கிறீர்கள். குமிழை உள்ளே தள்ளினால் திரையில் டெஸ் (இறக்கம்) என்று பச்சையில் எழுத்து வரும்; விமானம் தானே போட்ட பாதையில், கட்டுப்பாடுகளை மதித்து இறங்கும். அதே குமிழை வெளியே இழுத்தால் ஓப்பன் டெஸ்: இன்ஜின் ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த பலத்துக்கு, போய்விடும், வேகத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டு விமானம் சரசரவென்று இறங்கும், வழியில் உள்ள உயரக் கட்டுப்பாடு எதையும் கண்டுகொள்ளாது. உயர அளவுகோலின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி மிதக்கும். அது நடுக்கோட்டுக்குக் கீழே போனால் நீங்கள் பாதைக்கு மேலே இருக்கிறீர்கள், ஸ்பீட் பிரேக்கை இழுக்க வேண்டிய நேரம்.

2022இல் வந்த ஃபெனிக்ஸ் ஏ320 காசு கொடுத்து வாங்க வேண்டியது. ப்ரோசிம் என்ற பயிற்சிக்கான மென்பொருளை அடித்தளமாகக் கொண்டது. சிமுலேட்டருக்கு வெளியே தனி நிரலாக ஓடும். அதனால் பழைய கணினிக்குப் பளு அதிகம், எக்ஸ்பாக்ஸுக்கு வழியே இல்லை. எதுவும் கெடாத சாதாரண இறக்கத்தில் இதற்கும் ஏ32என்எக்ஸுக்கும் கொடுத்த காசு அளவுக்கு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஏதாவது பழுதானால்தான் தெரிகிறது. ஒரு சர்க்யூட் பிரேக்கரை இழுத்தால் அதோடு தொடர்புள்ள கருவிகள் எல்லாம் அணைவதைப் பார்க்கலாம். பழுது விளையாட்டில் ஆசை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் அந்தக் காசைக் கையில் வைத்திருங்கள், கீழே வேலை இருக்கிறது.

போயிங் பக்கம் போனால் பழக்கமே வேறு. பிஎம்டிஜி என்ற நிறுவனத்தின் 737இல், இறங்கவேண்டிய இடம் வருவதற்கு முன்பே பலகையில் குறைந்த உயரத்தை வைத்துவிட்டால், இடம் வந்ததும் விநேவ் தானாகவே மூக்கைத் தாழ்த்தும். ஏர்பஸ் அப்படிச் செய்யாது. நீங்கள் குமிழைத் தள்ளும் வரை அது பாட்டுக்கு 35,000 அடியில் போய்க்கொண்டே இருக்கும். டீ குடிக்க எழுந்து போகிற ஆளா நீங்கள்? அப்படியானால் போயிங் தோது. எக்ஸ்-ப்ளேன் என்ற வேறு சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு 737 விமானம் ஜிபோ என்ற வேறொரு ஆட்-ஆனாக இலவசமாகவே கிடைக்கிறது. காசில்லாமல் கிடைப்பதில் இதைவிட நல்ல விநேவ் நான் பார்த்ததில்லை.

ஜெட்டை விட்டுச் சின்ன விமானத்துக்கு வந்தால் ஒப்பீடு இன்னும் சுவாரசியம். இங்கே ஏறும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும். முள் காட்டும் கருவிகளோடு வரும் செஸ்னா 172இல் இருப்பது கேஏபி 140 என்ற ஆட்டோபைலட். அதற்கு வேகம் என்றால் என்னவென்றே தெரியாது. நிமிஷத்துக்கு 700 அடி ஏறு என்று சொல்லிவிட்டால், 8,000 அடியில் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும். வேகம் 75, 65 என்று கரைந்து கடைசியில் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) அலாரம் அடிக்கும். முள்ளுக்குப் பதில் ஜி1000 என்ற திரைக் கருவி உள்ள செஸ்னாவில் எஃப்எல்சி என்ற பொத்தான் இருக்கிறது. அது வேகத்தைப் பிடித்துக்கொண்டு, ஏற முடிகிற அளவுக்கு மட்டும் ஏறும். ஒர்க்கிங் டைட்டில் குழு இந்த ஜி1000ஐ என்எக்ஸ்ஐ என்று திருத்தி எழுதிய பிறகு விநேவும் உண்டு. இருந்தாலும் புதிதாகக் கற்பவர்களுக்கு நான் கேஏபி 140ஐத்தான் சொல்வேன். நீங்கள் கேட்டதைத்தான் ஆட்டோபைலட் செய்யும், உங்களுக்கு வேண்டியதை அல்ல என்பது அதில் ஒரே மாலையில் புரிந்துவிடும்.

அப்புறம், வழிசெலுத்தல் தரவு, அதாவது வான்பாதைகள், வழிப்புள்ளிகளின் பட்டியல். விநேவ் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், பழைய தரவைக் கொடுத்தால் பழைய பாதையில்தான் இறங்கும். உலகம் முழுக்க இந்தத் தரவு 28 நாளைக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையில் மாறும். 2020 சிமுலேட்டருக்கு நேவ்ப்ளூ நிறுவனத்தின் தரவு இலவசமாகவே வந்தது. ஆனால் ஃபெனிக்ஸ், பிஎம்டிஜி போன்றவை தங்களுக்கென்று தனிக் கோப்பு வைத்துக்கொள்ளும். அதைப் புதுப்பிக்க, இந்தத் தரவை விற்கும் நேவிகிராஃப் நிறுவனத்தின் சந்தா வேண்டும். சிம்ப்ரீஃப் என்ற இணையதளத்தில் விமானத் திட்டம் போடுவதும் இலவசம்தான், ஆனால் சந்தா இல்லாதவர்களுக்குப் பழைய சுழற்சியின் தரவை வைத்துத்தான் போட்டுத் தரும். இரண்டும் பொருந்தாதபோது எம்சிடியு என்ற, பாதையைத் தட்டச்சு செய்யும் திரையின் அடிவரியில் ‘நாட் இன் டேட்டாபேஸ்’ என்று வந்து நிற்கும். வருகைப் பாதையின் பெயர் மாறிப்போயிருக்கும். தனியாகப் பறப்பவர் அந்தப் பாதையைக் கையால் மாற்றிவிட்டுப் போகலாம். வாட்சிம் என்ற ஆன்லைன் பறப்பு வலையமைப்பில் நிஜ மனிதர் கன்ட்ரோலராக உட்கார்ந்து, புதிய பெயரில் பாதை கொடுக்கும்போது சமாளிப்பது கஷ்டம். ஃபெனிக்ஸில் மிச்சம் பிடிக்கச் சொன்ன காசு இதற்குத்தான்.

ஆன்லைனில் பறக்காதவர்களுக்குச் சந்தாவும் வேண்டாம். லிட்டில் நேவ்மேப் என்ற திட்டமிடும் நிரல் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சிமுலேட்டரில் உள்ள தரவையே படித்துத் திட்டம் போடுவதால், அதே தரவைப் பயன்படுத்தும் விமானங்களில் பெயர்ச் சண்டை வராது. இறங்கத் தொடங்கவேண்டிய இடத்தையும் கீழே பக்கவாட்டுப் படத்தில் காட்டிவிடும். விநேவ் இல்லாத பழைய விமானத்தை ஓட்டுபவர்களுக்கு இதுதான் விநேவ். பார்க்க அரசாங்க அலுவலகப் படிவம் மாதிரி இருக்கும், பழகிவிடும். இந்திய விமான நிலையங்களின் வரைபடங்களை விமான நிலைய ஆணையமே இணையத்தில் வெளியிடுகிறது. சென்னையின் ஐஎல்எஸ் (ரேடியோ அலையைப் பிடித்து ஓடுபாதைக்கு இறங்கும் முறை) தாளுக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

குமிழ்ப் பலகை வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. ஹனிகோம்ப் பிராவோ என்ற பலகையில் உள்ள ஆட்டோபைலட் பொத்தான்கள் செஸ்னாவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தும். ஏர்பஸ்ஸுக்கு ஆகாது, பிராவோவின் குமிழைத் தள்ளவும் இழுக்கவும் முடியாது. தள்ளி இழுக்கும் குமிழோடு தனிப் பலகைகள் இப்போது கிடைக்கின்றன. ஏர்பஸ் மட்டும்தான் ஓட்டப்போகிறோம் என்று உறுதியானபின் அவற்றைப் பாருங்கள்.