கிட்டியா, மருந்தா, ஆந்தையா: கொல்லை எலிக்கு எது சரி?

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறியதும் எங்கள் கொல்லைக்கு எலி வந்துவிடும். மன்னார்குடி பக்கம் வீடு. பின்வேலியைத் தாண்டினால் வயல்தான். கதிர் நிற்கும்வரை அங்கேயே கிடக்கிற எலி, தை மாசியில் இரை தேடி வீட்டுப் பக்கம் ஏறும். போன மாசியில் ஒரு தென்னம்பிள்ளை வாடி நின்றது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு குடம் ஊற்றினேன். மறுநாள் லேசாகப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. மண்ணுக்குள் இருந்த அடித்தண்டைப் பெருச்சாளி சுற்றிலும் குதறியிருந்தது.

இணையத்தில் தேடினால் மோல் என்ற பிராணிக்கு ஆமணக்கெண்ணெய் தெளிக்கச் சொல்கிறார்கள். மோல் ஐரோப்பா, வட அமெரிக்கா பக்கத்துப் புல்வெளிகளில் மண்புழு தின்று வாழ்வது. நம் கொல்லையில் மண் தள்ளுவது வரப்பெலியும் பெருச்சாளியும். இவற்றுக்கு நெல்லும் கிழங்கும் குருத்தும் வேண்டும். அந்த வைத்தியத்தை நம்பி இங்கே நாளைக் கடத்த வேண்டாம்.

எந்த வழியானாலும் முதலில் சாயங்காலம் எல்லா வளைகளையும் மண் போட்டு மூடிவிடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. எங்கள் கொல்லையில் பதினொரு வளை மூடினேன், நான்குதான் திறந்தது. மருந்தோ கிட்டியோ அந்த நான்குக்குப் போதும்.

என் ஓட்டு தஞ்சாவூர்க் கிட்டிக்குத்தான். மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டிய பொறி அது. இரைக்காக எலி தலையை நுழைத்ததும் வில் நிமிர்ந்து கழுத்தை இறுக்கிவிடும். விஷம் கிடையாது. எத்தனை விழுந்தது என்று விடியும்போது கண்ணால் பார்க்கலாம். எங்களுக்குக் கட்டிக் கொடுத்த பெரியவர், "ஓடுற தடத்துல வைங்க தம்பி, நடுக்கொல்லையில வச்சா ஒண்ணும் விழாது" என்றார். வேலியோரமாக மாற்றி வைத்தேன், இரண்டு ராத்திரியில் ஐந்து எலி. குறை என்றால், தினமும் வைத்து எடுக்கிற வேலை. கோழியும் பிள்ளைகளும் வெளியே வருவதற்கு முன் எடுத்துவிட வேண்டும்.

கடையில் விற்கும் எலி கேக்கில் இருப்பது புரோமாடியோலோன், 0.005 சதவீதம். ரத்தம் உறையாமல் செய்யும். எலி சாகச் சில நாள் ஆகும். உடனே சாகாததால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது, அதுதான் அதன் பலம். ஆனால் செத்தது எங்கே கிடக்கிறது என்று தெரியாது, நாற்றம்தான் காட்டிக்கொடுக்கும். வைப்பதானால் வளைக்குள் தள்ளி மூடுங்கள். பிள்ளைகள் தெரியாமல் தின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்கு வைட்டமின் கே முறிவு மருந்தாக இருக்கிறது. துத்தநாக பாஸ்பைடு என்ற இன்னொரு எலி மருந்துக்கு அப்படி எதுவும் இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்கும் இல்லை. அது கல்லீரலையே அழித்துவிடும். இவை இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

வளையில் புகை போடுவது ஈர மண்ணில் ஓரளவு பலிக்கும். வெடித்த மண்ணில் புகை வேறு வழியாகப் போய்விடும்.

ஆந்தைக்கு டி வடிவில் குச்சி நடுவது வயலுக்கு நல்ல வழி. கொல்லையை ஒட்டி வயல் இருந்தால் வேலியோரம் ஒன்று நடலாம். கூகை வந்து உட்கார்ந்தால் ராத்திரி முழுக்க அதுவே வேட்டையாடும். ஆனால் கேக்கையும் கூகையையும் ஒரே கொல்லையில் வைக்கக் கூடாது. மருந்து தின்று தள்ளாடுகிற எலிதான் அதற்குச் சுலபமாகச் சிக்கும். அந்த விஷம் அதன் உடம்பிலும் ஏறும். பூனைக்கும் இதே கதிதான். கிட்டி வைத்தால் இந்தப் பயம் இல்லை.

இந்த வருஷம் அறுவடை வரை காத்திருக்கப்போவதில்லை. மார்கழிக் கடைசிக்குள் வேண்டும் என்று பத்துக் கிட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆறு வேலியோரத்துக்கு, நான்கு புதுத் தென்னம்பிள்ளையைச் சுற்றி.