மறதிநோய் வந்த அம்மாவுக்கு எந்த ஏற்பாடு? இரவை வைத்து ஓர் ஒப்பீடு

மறதிநோய் வந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள யாராவது ஓர் ஏற்பாட்டைச் சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து நடந்தால், கூடவே எழுவது யார்? இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பெயர் வராவிட்டால், அந்த ஏற்பாடு சில மாதங்கள்கூடத் தாங்காது.

அண்ணன், நான், தம்பி என்று நாங்கள் மூன்று பேர். பாசம், கடமை, பணம், உறவினர்களின் பேச்சு என எல்லாவற்றையும் எடைபோட்டுப் பேசித் தீர்த்தோம். இரவை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆறு ஆண்டுகளில் நான்கு ஏற்பாடுகளைச் செய்து பார்த்தோம். ஐந்தாவது ஏற்பாடான பராமரிப்பு இல்லத்தில் அம்மாவைச் சேர்க்கவில்லை. ஆனால் சேர்க்கும் எண்ணத்தோடு சில இல்லங்களுக்குப் போய்ப் பார்த்தோம். இந்த ஐந்தையும் இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

ஒருவரே எல்லாம் பார்த்துக்கொள்வது

முதல் இரண்டு ஆண்டுகள் நான் மட்டும்தான். இதில் உள்ள நன்மை வேறு எதிலும் இல்லை. அம்மாவின் உடல்மொழி ஒருவருக்கு முழுமையாகப் பிடிபட்டுவிடுகிறது. புடவை முந்தானையோ துண்டோ எது கையில் கிடைத்தாலும் அதன் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தால் அம்மாவுக்குச் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. கண்டுபிடித்த பிறகு நனைந்த படுக்கைகள் பாதியாகக் குறைந்தன.

குளியல் இன்னொன்று. தலையில் தண்ணீர் ஊற்றினால் அம்மா அலறுவார், என் கையைக் கீறுவார். அடம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் புரியவில்லை, திடீரென்று யாரோ தாக்குவதுபோல் இருந்திருக்கிறது. பிறகு தோள்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, அம்மாவின் கையிலேயே குவளையைக் கொடுத்து, பாதத்திலிருந்து தொடங்கினேன். முதல் குவளைத் தண்ணீரை அவரே தன் காலில் ஊற்றிக்கொண்டார். அதன் பிறகு சண்டை இல்லை. தலைக்குளியலை வாரம் ஒருமுறையாக்கி, மற்ற நாட்களில் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

பொருட்களை ஒளித்துவைப்பது பற்றிச் சொல்ல வேண்டும். பீரோச் சாவி தலையணை உறைக்குள் இருக்கும். மூக்குக்கண்ணாடி அரிசி டப்பாவுக்குள் இருக்கும். பிறகு, “நீதான் எடுத்தாய்” என்று என்னைப் பார்த்துச் சொல்வார். மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1901-ல் பிராங்க்பர்ட்டில் பரிசோதித்த ஆகஸ்ட் டேட்டர் என்ற பெண்ணுக்கு அப்போது வயது 51. தன் வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் தடுமாறினார், பொருட்களை அங்கும் இங்கும் தூக்கிச் சென்று ஒளித்துவைத்தார் என்று அல்சைமர் எழுதியிருக்கிறார். இதைப் படித்த அன்று நான் நிம்மதியாக அழுதேன். அம்மா என்னைத் திருடி என்று சொல்லவில்லை, நோய்தான் அப்படிப் பேசுகிறது என்பதை அதுவரை என் மூளை மட்டுமே ஒப்புக்கொண்டிருந்தது.

இந்த ஏற்பாடு உடைந்தது இரவில். “அப்பா வந்துவிட்டாரா?” என்று கேட்பார். அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. உண்மையைச் சொன்னேன். அந்தச் செய்தியை முதன்முறை கேட்பவர்போல அழுதார். அரை மணி நேரத்தில் மறுபடி அதே கேள்வி. ஒரே இரவில் அம்மாவை மூன்று முறை விதவையாக்கியவள் நான். பிறகுதான், “அப்பா வந்தால் என்ன சொல்லணும் அம்மா?” என்று திருப்பிக் கேட்கக் கற்றுக்கொண்டேன். அம்மா ஏதேதோ சொல்வார், சொல்லிக்கொண்டே தூங்கிவிடுவார். பொய் சொல்லவும் வேண்டியதில்லை, புண்படுத்தவும் வேண்டியதில்லை.

ஆனால் தொடர்ந்து தூக்கம் கெட்ட உடம்புக்கு இந்த நிதானம் வராது. ஓர் அதிகாலையில் நான் கத்திவிட்டேன். அம்மா கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு, “நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா அம்மா?” என்று என்னைக் கேட்டார். அன்றுதான் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

நோயுற்ற துணைவரைப் பார்த்துக்கொள்ளும் முதியவர்களிடம் ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் நடத்திய அமெரிக்க ஆய்வு 1999-ல் வெளியானது. பராமரிப்புச் சுமையால் நெருக்கடியை உணர்ந்தவர்களுக்கு, அந்தப் பொறுப்பே இல்லாதவர்களைவிட நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் அபாயம் 63 சதவீதம் கூடுதல். நான் அவர்களைவிட இளையவள், அம்மாவின் மகள். அந்த எண் எனக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் “கொஞ்சம் சகித்துக்கொள்” என்று அறிவுரை சொல்பவர்கள் அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகள் வீடுகளில் முறைவைத்து இருப்பது

மூன்று மாதம் இங்கே, மூன்று மாதம் அங்கே. கேட்கும்போது இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை. உறவினர்கள் எல்லோரும் மெச்சினார்கள். என் அனுபவத்தில் ஐந்திலும் மோசமானது இதுதான்.

காரணம் எளிமையானது. நேற்று நடந்தது மறந்த பிறகும் காலுக்கு வீடு நினைவிருக்கும். படுக்கையிலிருந்து எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே போய், இடப்பக்கம் திரும்பினால் கழிவறை. அம்மா இதை யோசித்துச் செய்யவில்லை. கால் தானாகச் செய்தது. அண்ணன் வீட்டில் இடப்பக்கம் இருந்தது சாமான் அறை. இரவில் இருட்டில் அங்கே திரும்பி, பெட்டியில் இடறி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அண்ணன் வீட்டில் கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். என் வீட்டுக்கு வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். பங்கு பிரித்ததில் நியாயம் எல்லாம் பிள்ளைகளுக்குப் போனது, எலும்பு முறிவு அம்மாவுக்குப் போனது.

மருத்துவமனையில் இரண்டே நாட்களில் அம்மா யாரையும் அடையாளம் காணாமல் பிதற்றத் தொடங்கினார். நோய் முற்றிவிட்டது என்று முடிவு செய்துவிட்டோம். அது தவறு. மறதிநோய் மாதக்கணக்கில் நகரும். இரண்டு மூன்று நாட்களில் ஒருவர் தலைகீழாக மாறினால் அது பெரும்பாலும் திடீர்ப் புத்திக்குழப்பம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, வலி, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று பின்னால் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. சிகிச்சைக்குப் பிறகு பெருமளவு மீண்டு வந்தார். திடீர் மாற்றம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். “வயதாகிவிட்டது, அப்படித்தான்” என்று சொல்பவரிடம் சிறுநீர்ப் பரிசோதனையாவது செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுக்கு ஆள் வைப்பது

பணம் இருந்தால் இதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். முகவர் அனுப்பும் ஆள் நல்லவராகவே இருப்பார். ஆனால் அடிக்கடி ஆள் மாறுவார். எங்களுக்கு ஓராண்டில் ஏழு பேர் வந்தார்கள். ஏழு முறையும் அம்மாவுக்கு வீட்டுக்குள் அந்நியர் நுழைந்ததுதான். அதனால் “நல்ல ஆளா?” என்பதைவிட “நிலையாக இருப்பாரா?” என்பதே பெரிய கேள்வி.

ஒரு விஷயத்தில் மட்டும் வந்தவர்கள் என்னைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். அம்மா “திருடி” என்றால் அவர்களுக்கு வலிக்கவில்லை. அவர்களுக்கு அம்மாவோடு நாற்பது ஆண்டுக் கதை இல்லை. ஏழாவதாக வந்த அக்கா, காணாமல்போன பொருளை அம்மாவோடு சேர்ந்தே தேடுவார். “வாங்கம்மா, ரெண்டு பேரும் பார்ப்போம்” என்று கைபிடித்து அழைத்துப் போவார். தேடிக்கொண்டிருக்கும்போதே எதைத் தேடுகிறோம் என்பதை அம்மா மறந்துவிடுவார். நான் அதே நேரத்தில் நான் எடுக்கவில்லை என்று வாதாடிக்கொண்டிருந்திருப்பேன்.

ஒருவரையே பகலுக்கும் இரவுக்கும் வைத்துக்கொள்ளும் வீடுகள் இருக்கின்றன. அதைச் செய்யாதீர்கள். என்னால் இரண்டு ஆண்டில் முடியாமல் போனது அவருக்கு மட்டும் எப்படி முடியும்? ஒரே ஒரு வேளைக்குத்தான் ஆள் வைக்க முடியும் என்றால் இரவுக்கு வையுங்கள். பகலில் வீட்டில் உள்ளவர்கள் சமாளித்துக்கொள்ளலாம்.

பகல்நேர மையம்

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் இதில் பிரச்சினையும் அதிகம் இல்லை. காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்து வருவது. பள்ளிக்கு அனுப்புவதுபோல இருக்கிறதே என்று எனக்கு உறுத்தியது. அம்மாவுக்கு உறுத்தவில்லை. அங்கே துணி மடித்தார், பாட்டு வந்தால் கூடவே பாடினார். பகலில் உட்கார்ந்தே தூங்கிப்போகும் வழக்கம் குறைந்ததால் இரவில் கூடுதலாக இரண்டு மணி நேரம் தூங்கினார். இந்த இரண்டு மணி நேரத்துக்காகவே நான் இந்த ஏற்பாட்டை ஆதரிக்கிறேன்.

குறை இரண்டு. காலையில் கிளப்புவது பெரும்பாடு. அவசரப்படுத்தினால் அன்றைய பொழுதே கெட்டுவிடும். நோய் முற்றி நடமாட்டம் குறைந்த பிறகு பல மையங்கள் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே இது தொடக்கத்திலும் நடுவிலும் உதவும் வழி. தள்ளிப்போடாதீர்கள். நாங்கள் தள்ளிப்போட்டு ஓராண்டை இழந்தோம்.

இல்லம்

பெற்ற தாயை இல்லத்தில் விடுவதா என்ற கேள்வியை நான் கேட்கவே போவதில்லை. படுத்த படுக்கையான, விழுங்கச் சிரமப்படும் ஒருவரை, முதுகுவலிக்கார மகள் தனியாகப் புரட்டிப் படுக்க வைப்பதைவிடப் பயிற்சி பெற்ற இரண்டு பேர் செய்வது மேல். நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009 முதல் இயங்கும் ஹோகவேய்க் என்ற மறதிநோய் இல்லம் ஒரு சிறு கிராமம்போலக் கட்டப்பட்டது. கடை, தெரு, தோட்டம் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. சிறு சிறு வீடுகளில் சிலர் சிலராக வாழ்கிறார்கள், வளாகத்துக்குள் அவர்கள் விருப்பம்போல நடக்கலாம். இல்லம் என்றாலே வரிசைக் கட்டில்கள்தான் என்று எந்த விதியும் இல்லை.

ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. பார்க்கப் போனால் காலை பத்து மணிக்குப் போகாதீர்கள், அப்போது எந்த இடமும் நன்றாகவே இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் போங்கள். மறதிநோய் உள்ள பலருக்கு அந்த வேளையில்தான் பதற்றம் ஏறும், “வீட்டுக்குப் போகணும்” என்ற அழைப்பு தொடங்கும். அப்போது அங்குள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்களா, நாற்காலியோடு கட்டுகிறார்களா, மாத்திரை கொடுக்கிறார்களா? மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகளை மறதிநோய் உள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் நிலையில் மருத்துவர் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குத் தருவது வேறு. எல்லோரும் எட்டு மணிக்குள் அமைதியாகிவிட வேண்டும் என்பதற்காகத் தருவது வேறு. நாங்கள் பார்த்த ஓர் இடத்தில் மாலை ஆறரை மணிக்குக் கூடம் முழுவதும் தலை தொங்கியபடி இருந்தார்கள். தம்பி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டான்.

இன்னும் ஒன்று கேளுங்கள்: இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்? நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தை விட்டுவிடுங்கள்.

ஒன்றோடொன்று வைத்தால்

மூன்று பிள்ளைகள் மூன்று மாதம் என்ற அதே கணக்கைத் திருப்பிப் போட்டோம். அம்மா அவர் வீட்டிலேயே இருக்கிறார். மாறுவது நாங்கள். வாரத்தில் மூன்று நாள் பகல்நேர மையம். ஐந்து இரவுகளுக்கு அந்த ஏழாவது அக்கா. மீதி இரண்டு இரவுகள் எங்களுக்குள் முறை. வீட்டில் எதையும் இடம் மாற்றவில்லை, கழிவறைக் கதவுக்கு மட்டும் அடர்நிறம் பூசி, இரவெல்லாம் அங்கே ஒரு விளக்கு எரியவிட்டோம். இது எல்லோருக்கும் முடியாது என்று தெரியும். உடன்பிறந்தவர்கள் அருகில் இருக்க வேண்டும், பணமும் ஓரளவு வேண்டும். தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு நான் சொல்வது, முதலில் மையம், பிறகு இரவு ஆள், இரண்டும் முடியாத நாள் வந்தால் குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லம்.

இத்துடன் பணமே தேவைப்படாத ஒன்றும் இருக்கிறது: பார்த்துக்கொள்பவருக்குக் குடும்பம் துணை நிற்பது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் குழுவினர் நோயாளிகளின் துணைவர்கள் 406 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது. துணைவருக்குத் தனியாகவும் குடும்பத்தாரையும் சேர்த்து உட்காரவைத்தும் ஆறு ஆலோசனை அமர்வுகள், ஓர் ஆதரவுக் குழு, தேவைப்படும்போது தொலைபேசியில் பேச ஒருவர், இவ்வளவுதான் கொடுத்தார்கள். இல்லத்தில் சேர்க்க வேண்டிய நாள் சராசரியாக 557 நாட்கள் தள்ளிப்போனது. அண்ணன் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் என்னை அழைக்கிறார். அம்மா எப்படி இருக்கிறார் என்று முதலில் கேட்பதில்லை. “நீ தூங்கினாயா?” என்றுதான் கேட்கிறார்.

போன வெள்ளி தம்பியின் முறை. தலையணையை இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “யாரப்பா நீ?” என்றார்.

“இன்றைக்கு இங்கேதான் படுத்துக்கொள்ளப் போகிறேன் அம்மா. இடம் இருக்கிறதா?”

அம்மா கட்டிலில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் விரிப்பைத் தட்டிச் சரிசெய்தார்.